கசூலேயில் கொழுப்புக்கு என்ன வேலை?

தென்மேற்கு பிரான்சின் லாங்கதாக் வட்டாரத்தில் பிறந்த உணவு கசூலே. அடி குறுகி வாய் அகன்ற மண்சட்டியில் வெள்ளை பீன்ஸ், வாத்துக்கால், பன்றி இறைச்சி, சாசேஜ், பன்றித்தோல் ஆகியவற்றை அடுக்கி, மணிக்கணக்கில் ஓவனில் விட்டு, மேலே பழுப்புப் பொருக்கு கட்டும்வரை வேகவைப்பார்கள். கஸ்தெல்நோதாரி, கார்கசோன், துலூஸ் என்ற மூன்று ஊர்கள் இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. கஸ்தெல்நோதாரியில் பன்றி இறைச்சிக்கு முதலிடம். கார்கசோனில் ஆட்டிறைச்சியும் சில வேளை கௌதாரியும் சேரும். துலூஸில் அந்த ஊர்ப் பெயர் தாங்கிய சாசேஜ் இல்லாமல் சட்டி ஏறாது. கார்கசோனில் பிறந்த சமையல் அறிஞர் புராஸ்பர் மோந்தாஞே இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்: கஸ்தெல்நோதாரியின் கசூலே பிதா, கார்கசோனின் கசூலே சுதன், துலூஸின் கசூலே பரிசுத்த ஆவி.

இவ்வளவு பக்தியோடு பேசப்படும் உணவில் கை வைப்பது எளிதல்ல. ஆனால் கை வைக்க வேண்டிய தேவை இன்று உண்மையிலேயே இருக்கிறது. ஒரு தட்டு கசூலே சாப்பிட்டவர் அன்று வேறு எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. குளிரில் வயலில் உழைத்துத் திரும்பிய உடலுக்கு அது சரியான உணவு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கோ, இதயத்தைக் கவனிக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவருக்கோ அது பெருஞ்சுமை. அவர்கள் கசூலேயைக் கைவிட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சட்டிக்குள் நடக்கும் வேதியியலைப் புரிந்துகொண்டால், ருசியைக் காப்பாற்றிக்கொண்டே கொழுப்பில் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

வழக்கமாகச் செய்யும் குறுக்குவழி தோற்றுப்போகிறது. வாத்துக்காலுக்குப் பதில் கோழி நெஞ்சுக்கறி, பன்றித்தோலுக்குப் பதில் ஒன்றுமில்லை, மண்சட்டிக்குப் பதில் பிரஷர் குக்கர் என்று மாற்றினால் கிடைப்பது தண்ணீராய் ஓடும் பீன்ஸும் நார்நாராய் உலர்ந்த கறியும்தான். பொருளைப் பார்த்துக் குறைப்பதால் வரும் வினை இது. ஒவ்வொரு பொருளும் சட்டிக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துக் குறைக்க வேண்டும். முதலில் கொழுப்பை எடுத்துக்கொள்வோம்.

பாரம்பரியம் அசையாமல் நின்றதில்லை

அதற்கு முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துவிடலாம். கசூலேயை மாற்றுவது பாரம்பரியத்துக்குத் துரோகம் ஆகாதா?

நூறாண்டுப் போரில் ஆங்கிலேயப் படை கஸ்தெல்நோதாரியை நெருக்கியபோது, ஊரில் மிஞ்சியிருந்த உணவுப் பொருள்களையெல்லாம் ஒரே கொப்பரையில் போட்டு வீரர்களுக்குப் பசியாற்றியதில் கசூலே பிறந்தது என்பது அந்த ஊர்க் கதை. அது 14ஆம் நூற்றாண்டு. இன்றைய கசூலேயின் உயிரான வெள்ளை பீன்ஸோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கப்படும் சிவப்பு விதையும் அதே இனம்தான். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. எனவே அந்தப் பழைய கொப்பரை உண்மையாகவே இருந்திருந்தாலும், அதில் வெந்தது பழைய உலகத்து அவரை வகை ஏதோ ஒன்றாகத்தான் இருக்க முடியும். கசூலே தன் முதன்மைப் பொருளையே ஒருமுறை மாற்றிக்கொண்ட உணவு. பிறகு தக்காளி வந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்துதான்.

1966இல் பிரெஞ்சு உணவுக்கலை மாநாடு ஒன்று கசூலேக்கு விகிதம் வகுத்தது. பன்றி, ஆடு, வாத்து என எந்த இறைச்சியானாலும் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். மீதி 70 சதவீதம் பீன்ஸ், இறைச்சிச் சாறு, பன்றித்தோல், மூலிகைகள், மணப்பொருள்கள். இந்த விதியை நன்றாகக் கவனியுங்கள். கசூலே அடிப்படையில் பீன்ஸ் உணவு என்பதை பிரெஞ்சுக்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை.

கனமான பிரெஞ்சுச் சமையலை இலேசாக்கும் முயற்சியும் அந்த மண்ணிலேயே நடந்ததுதான். தென்மேற்கு பிரான்சின் லாந்து வட்டாரத்தில், உடல் இளைக்க வருவோர் தங்கும் வெந்நீரூற்று ஊர் யூஜெனி-லே-பான். 1970களில் அங்கே அடுப்பைப் பற்றவைத்தார் சமையல் கலைஞர் மிஷேல் கெரார். இளைக்க வந்தவர்கள் காரட்டைச் சோகத்தோடு தின்பதைப் பார்த்துவிட்டு, மகிழ்ச்சி குறையாமல் கலோரியைக் குறைக்கும் சமையல் ஒன்றை உருவாக்கினார். மாவும் வெண்ணெயும் சேர்த்துக் கெட்டியாக்கும் குழம்புகளைக் காய்கறி மசியல் கொண்டு கெட்டியாக்கினார். இதைப் பற்றிய அவருடைய நூல் 1976இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவருடைய உணவகம் மிஷெலின் மூன்று நட்சத்திரம் பெற்றது. வாத்துக் கொழுப்பில் ஊறிய நிலத்திலிருந்தே வந்த இந்தச் சான்றுக்கு மேல் வேறு சான்று தேவையில்லை.

கணக்கு

கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 1 கிராமுக்கு 4 கலோரி. கசூலேயின் கனம் எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே அடங்கிவிடுகிறது.

பச்சை வாத்துக்கறியைத் தோலோடு எடைபோட்டால் 100 கிராமுக்குச் சுமார் 400 கலோரி. அதில் ஏறக்குறைய 39 கிராம் கொழுப்பு. தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்புப் படலத்தையும் நீக்கிவிட்டால் 100 கிராமுக்கு 140 கலோரிகூட வராது. கொழுப்பு 6 கிராம் அளவுதான். வாத்து கொழுத்த பறவைதான், ஆனால் அதன் கறி கொழுத்தது அல்ல. கொழுப்பெல்லாம் தோலுக்கடியில் தனியே தங்கியிருக்கிறது. தனியே இருப்பதால் தனியே எடுக்கவும் முடிகிறது.

உலர்ந்த வெள்ளை பீன்ஸில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 330 கலோரி, 20 கிராமுக்கு மேல் புரதம், 15 கிராம் அளவில் நார்ச்சத்து. வெந்து நீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடியபின் 100 கிராமுக்கு 140 கலோரி என்ற அளவுக்கு இறங்கிவிடும். உணவின் ஆற்றல் அடர்த்தி என்று இதைச் சொல்வார்கள். மனிதர்கள் ஒரு வேளையில் சாப்பிடும் உணவின் எடை பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கிறது என்றும், அடர்த்தி குறைந்தால் பசி குறையாமலேயே கலோரி குறைகிறது என்றும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகள் ஆய்ந்து காட்டினார். பீன்ஸும் நீரும் நிறைந்த ஒரு சட்டி, கொழுப்பு மட்டும் விலகினால், இயல்பாகவே இலேசான உணவு.

வாத்துக் கொழுப்பு உடம்புக்கு நல்லது என்று அந்த வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு. வெண்ணெய்க் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் பாதிக்கு மேல். வாத்துக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலமே இதிலும் முதன்மையானது. அந்த வகையில் அது வெண்ணெயைவிட மேல். ஆனால் கலோரியில் எந்தச் சலுகையும் இல்லை. எந்தக் கொழுப்பானாலும் 9தான். இதயநோய் இறப்புகள் துலூஸ் பகுதியில் குறைவு என்ற உண்மையை வைத்து 1990களில் ‘பிரெஞ்சு முரண்’ என்ற பேச்சு எழுந்தது. வைன்தான் காரணம் என்றார்கள் சிலர், உணவுமுறை என்றார்கள் வேறு சிலர். ஒரு வட்டாரத்து மக்களின் சராசரியைக் கொண்டு ஒரு தனிமனிதர் தன் தட்டை முடிவுசெய்ய முடியாது.

நான்கு வேலைகள்

கசூலேயில் கொழுப்புக்கு நான்கு வேலைகள் உண்டு.

முதல் வேலை பாதுகாப்பு. வாத்துக்காலுக்கு உப்புத் தடவி ஒரு நாள் வைத்து, அதன் கொழுப்பிலேயே சிறு தீயில் பல மணி நேரம் வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூழ்கடித்து ஆறவிடுவதற்குக் கொன்ஃபி என்று பெயர். உப்பு நீரை இழுக்கிறது, வெப்பம் நுண்ணுயிர்களைக் கொல்கிறது, உறைந்த கொழுப்பு காற்றைத் தடுக்கிறது. இலையுதிர் காலத்தில் அறுத்த வாத்து குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருந்தது இப்படித்தான். இன்று அந்த வேலையைக் குளிர்பதனப் பெட்டி செய்கிறது. எனவே இந்த வேலைக்காகச் சட்டிக்குள் வந்துகொண்டிருந்த கொழுப்பு முழுவதும் இப்போது தேவையற்றது.

இரண்டாம் வேலை மணத்தைச் சுமப்பது. தைம், பே இலை, பூண்டு ஆகியவற்றின் மணத்தைத் தரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. கொழுப்பு அவற்றைப் பிடித்துவைத்து, வாயில் மெதுவாக விடுவிக்கிறது. கொழுப்பே இல்லாத குழம்பில் மணம் முதல் வாயிலேயே எழும்பி, அடுத்த வாய்க்குள் மறைந்துவிடும். இந்த வேலைக்கு வேறு பொருள் ஈடாகாது. ஆனால் இதற்குச் சிறிதளவே போதும். 6 பேருக்கான சட்டியில் 20 கிராம் வாத்துக் கொழுப்பு விட்டால் மொத்தம் 180 கலோரி, ஆளுக்கு 30. அந்த 20 கிராமில் வெங்காயம், பூண்டு, மூலிகைகளை நிதானமாக வதக்கினால் மணம் முழுவதும் அதில் இறங்கிவிடும்.

மூன்றாம் வேலை வாயில் உணரும் வழவழப்பு. நான்காம் வேலை மேற்பரப்பை வறுத்துப் பழுப்பாக்க உதவுவது. இந்த இரண்டிலும் கொழுப்புக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பகுதி உண்மையில் வேறு இருவருக்குச் சேர வேண்டியது. அந்த இருவர் ஜெலட்டினும் மாவுச்சத்தும்.

பன்றித்தோலின் கொடை

கசூலேயைச் சுவைத்துவிட்டு உதடுகள் இலேசாக ஒட்டிக்கொள்வதை உணர்ந்தவர்கள் அதைக் கொழுப்பு என்று நினைக்கிறார்கள். அது ஜெலட்டின்.

விலங்கின் தோல், தசைநாண், மூட்டு ஆகியவற்றில் நிறைந்திருக்கும் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்ற அமைப்பு அது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த முறுக்கு தளரத் தொடங்கும். முதலில் கொலாஜன் சுருங்கிக் கறியிலுள்ள நீரைப் பிழிந்துவிடும். அதனால்தான் அரைகுறையாய் வெந்த கால்கறி ரப்பராக இருக்கிறது. 80 முதல் 95 டிகிரிக்குள் சில மணி நேரம் பொறுத்திருந்தால் இழைகள் பிரிந்து சாற்றில் கரைந்து ஜெலட்டினாகும். கறியும் எலும்பைவிட்டு நழுவும்.

ஜெலட்டினுக்கு ஓர் அரிய குணம். குளிர்ந்தால் உறைந்து கூழாக நிற்கும், 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இளகத் தொடங்கும். மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. ஆகவே வாயில் கரைந்து நாக்கில் படலமாய்ப் படிகிறது. கொழுப்பு தரும் அதே உணர்வு, ஆனால் கணக்கு வேறு. 1 லிட்டர் சாற்றில் 25 கிராம் ஜெலட்டின் கரைந்திருந்தால் அது ஆறியதும் நன்கு உறைந்து நிற்கும். அந்த 25 கிராமின் கலோரி 100தான். அதே 100 கலோரிக்குக் கிடைக்கும் கொழுப்பு 11 கிராம், ஒரு மேசைக்கரண்டிகூட நிரம்பாது. அந்தத் துளிக் கொழுப்பால் 1 லிட்டர் சாற்றை ஒருபோதும் கெட்டியாக்க முடியாது.

இங்கேதான் கோழி நெஞ்சுக்கறி தோற்பதன் காரணம் தெரிகிறது. கொழுப்பும் கொலாஜனும் ஒரே துண்டில் இருந்தாலும் அவை வெவ்வேறு பொருள்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு என்பது சரி. கொலாஜனும் குறைவு என்பதுதான் சிக்கல். கரைந்து கொடுக்க ஒன்றும் இல்லாத கறி, மணிக்கணக்கில் வெந்தால் உலரத்தான் செய்யும். கொழுப்பு குறைந்தும் கொலாஜன் நிறைந்தும் உள்ள பகுதிகளைத் தேட வேண்டும். தோல் நீக்கிய வாத்துக்கால், பன்றியின் முன்தொடை, முழங்கால் பகுதிகள் இந்த வகை. பன்றித்தோலையும் தூக்கியெறிய வேண்டாம். அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைக் கத்தியால் வழித்து எடுத்துவிட்டால், மிஞ்சும் தோலில் உள்ள புரதம் ஏறக்குறைய முழுக்கக் கொலாஜன். பழைய கசூலேயின் பொருள்களில் இலேசான கசூலேக்கு மிகவும் தேவைப்படுவது இந்தத் தோல்தான். கொழுத்த பொருள் என்று நினைத்துப் பலரும் முதலில் விலக்குவதும் இதைத்தான்.

பீன்ஸை மதிப்போம்

கசூலேயின் குழைவில் மறுபாதி பீன்ஸின் மாவுச்சத்திலிருந்து வருகிறது. பீன்ஸ் உடையாமல், தோல் உறுத்தாமல், உள்ளே வெண்ணெயாய்க் குழைய வேண்டும். அதற்கு அறிவியல் சில தெளிவான வழிகளைச் சொல்கிறது.

பீன்ஸின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை இறுக்குகின்றன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் மிருதுவாகும். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அந்த நீரைக் கொட்டி நன்றாகக் கழுவிவிட வேண்டும். பீன்ஸில் உப்புப் போட்டால் வேகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மை நேர்மாறானது. வேகவிடாமல் தடுப்பவை கால்சியம் மிகுந்த கடின நீரும் புளிப்பும். அதனால்தான் தக்காளியைப் பீன்ஸ் முக்கால் பதம் வெந்தபின் சேர்க்க வேண்டும்.

ஊறிய நீரைக் கொட்டுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் பீன்ஸில் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகி வாயுவை உண்டாக்குகின்றன. ஊறவைத்த நீரோடு அவற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும். பீன்ஸ் அதிகம் பழகாதவர்கள் சிறிதளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் வயிறும் பழகிக்கொள்ளும்.

பாதுகாப்புக்கான ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாது. இந்த இனத்துப் பீன்ஸில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் நச்சு இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனாலும் உண்டு. தளதளவென்று 100 டிகிரியில் கொதித்தால் 10 நிமிடத்தில் அழியும். ஐயத்துக்கு இடமின்றி 30 நிமிடம் கொதிக்கவிடுவது நல்லது. 80 டிகிரிக்குக் கீழே மெதுவாகச் சூடாக்கும் பாத்திரங்களில் கொதிக்கவைக்காத பீன்ஸை நேரடியாகப் போட்டால் நச்சு அழியாமலே பீன்ஸ் மெத்தென்று ஆகிவிடலாம். கசூலே மெல்ல வேகும் உணவு என்பதால் இது முக்கியம். முதலில் கொதிக்கட்டும், பிறகு ஓவனில் நிதானமாக வேகட்டும்.

வெந்த பீன்ஸில் ஒரு பெரிய கரண்டி எடுத்து மசித்துச் சாற்றில் கலந்தால் குழம்பு உடனே கெட்டியாகும். மிஷேல் கெரார் காய்கறி மசியலால் செய்ததைக் கசூலேயில் பீன்ஸே செய்துகொடுக்கிறது. ஜெலட்டின் படலமாய்ப் படிய, மாவுச்சத்து உடம்பு கொடுக்க, வழவழப்புக்காக இருந்த கொழுப்பு விடைபெறலாம்.

பொருக்கு எப்படிப் பிறக்கிறது

கசூலேயின் மேற்பொருக்கை ஏழு முறை உடைத்து உள்ளே அமுக்க வேண்டும் என்பது மரபு. இதில் சடங்கைவிட வேதியியல்தான் அதிகம்.

புரதத்தின் அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும் வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலர் லூயி-காமில் மையார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட கறி எல்லாவற்றின் மணத்திலும் மையார் வினைக்குப் பங்குண்டு. சுமார் 140 டிகிரிக்கு மேல் அது விரைந்து நடக்கும். நீர் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் சட்டிக்குள் மூழ்கியிருக்கும் பீன்ஸ் பழுப்பாவதில்லை. மேற்பரப்பில் மட்டும் நீர் ஆவியாகி, ஜெலட்டினும் மாவுச்சத்தும் கலந்த ஏடு உலர்ந்து, சூடேறிப் பழுக்கிறது. அந்த ஏட்டை உடைத்து உள்ளே தள்ளினால் மணம் முழுவதும் சாற்றில் கரையும். மேலே புதிய ஈரப் பரப்பு வரும், மறுபடி ஏடு கட்டும். வாய் அகன்ற மண்சட்டி ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும். பரப்பு எவ்வளவு அகலமோ பொருக்கும் அவ்வளவு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் மகிழ்ச்சியானது. பொருக்குக்கு மூலப்பொருள் புரதமும் மாவுச்சத்தும். கொழுப்பு தடிப்பாக மிதந்தால் அது நீர் ஆவியாவதைத் தடுத்து ஏடு கட்டுவதைத் தாமதப்படுத்தும். கொழுப்பு நீக்கிய, ஜெலட்டின் நிறைந்த சாறு நன்றாகவே பொருக்குக் கட்டும். தண்ணீராய் இருக்கும் சாறுதான் பொருக்குக் கட்டாது. அந்தக் குறையை மறைக்கவே பல வீடுகளில் எண்ணெயில் புரட்டிய ரொட்டித்தூளைத் தூவுகிறார்கள். சாறு சரியாக இருந்தால் தூளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

உப்பையும் கவனிக்க வேண்டும்

கொழுப்பைக் குறைத்துவிட்டு உப்பை அப்படியே விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். கொன்ஃபியும் சாசேஜும் உப்பில் பிறந்தவை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் வாங்கிய கொன்ஃபிக்குப் பதில் பச்சை வாத்துக்காலை எடுத்துக்கொண்டால் உப்பு நம் கைக்குள் வரும்.

உப்பு குறையும்போது ஏற்படும் வெறுமையை நிரப்ப உமாமி இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனாயே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து இந்தச் சுவையை அடையாளம் காட்டினார். குளுட்டமேட்டோடு நியூக்ளியோடைடுகள் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்காக இல்லாமல் பல மடங்காகப் பெருகும் என்பது பிறகு தெரிந்தது. தக்காளி விழுதில் குளுட்டமேட் உண்டு, கறியிலும் உலர்ந்த காளானிலும் நியூக்ளியோடைடுகள் உண்டு. உலர்ந்த காளான் 15 கிராம் சட்டிக்குள் போனால், சிறிது உப்பு குறைந்ததை நாக்கு கவனிக்காது.

செய்முறை

6 பேருக்கு: உலர்ந்த வெள்ளை பீன்ஸ் 500 கிராம், வாத்துக்கால் 3, கொழுப்பு நீக்கிய பன்றி முன்தொடை 350 கிராம், கறி மிகுந்த சாசேஜ் 250 கிராம், வழித்தெடுத்த பன்றித்தோல் 150 கிராம், வெங்காயம் 2, காரட் 2, செலரித் தண்டு 2, பூண்டு 8 பல், தக்காளி 3, தக்காளி விழுது 1 மேசைக்கரண்டி, உலர்ந்த காளான் 15 கிராம், தைம், பே இலை, மிளகு.

முதல் நாள் கறிக்கும் சாற்றுக்கும். வாத்துக்காலைத் தோல் அடியில் இருக்கும்படி சூடேறாத வாணலியில் வைத்துச் சிறு தீயில் விடுங்கள். கொழுப்பு தானே உருகி ஓடும். 20 கிராமைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு நாளைக்குப் பத்திரப்படுத்துங்கள். மொறுமொறுவென்று ஆன தோலை உரித்துவிடலாம். அதே வாணலியில் பன்றிக்கறியையும் சாசேஜையும் நன்றாகப் பழுக்க வாட்டுங்கள். மையார் வினைக்கு இங்கே நேரம் கொடுப்பது பின்னால் பலன் தரும். சாசேஜை எடுத்துக் குளிரில் வைத்துவிட்டு, வாத்துக்கால், பன்றிக்கறி, தோல், காளான், மூலிகைகள் ஆகியவற்றை 2 லிட்டர் தண்ணீரில் குமிழி மட்டும் எழும் சூட்டில் 3 மணி நேரம் வேகவிடுங்கள். பீன்ஸை உப்பு நீரில் ஊறப்போடுவதும் அன்று இரவே. வெந்த கறியைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

இந்த ஓர் இரவுதான் முழுச் செய்முறையின் மையம். கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. மேலே மிதந்து வெள்ளையாய் உறையும். கீழே சாறு கூழாக நிற்கும். காலையில் அந்த வெள்ளைத் தட்டைக் கரண்டியால் அப்படியே தூக்கிவிடலாம். தூக்கும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் சட்டியிலிருந்து 900 கலோரி, ஆளுக்கு 150 கலோரி குறைகிறது. பீன்ஸ் சேர்ந்தபின் இது நடக்காது. மாவுச்சத்தும் ஜெலட்டினும் கொழுப்பைச் சிறு துளிகளாய்ப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் கறியையும் பீன்ஸையும் முதல் நாள் சேர்க்கக்கூடாது.

இரண்டாம் நாள் பீன்ஸுக்கு. ஊறிய பீன்ஸைக் கழுவிப் புதுத்தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடியுங்கள். எடுத்துவைத்த 20 கிராம் கொழுப்பில் வெங்காயம், காரட், செலரி, பூண்டு, தைம் ஆகியவற்றை வதக்கி, கொழுப்பு நீக்கிய சாற்றையும் பீன்ஸையும் சேர்த்து முக்கால் பதம் வேகவிட்டபின் தக்காளியும் விழுதும் போடுங்கள். ஒரு பெரிய கரண்டி பீன்ஸை மசித்துக் கலக்குங்கள். சட்டியின் அடியில் பன்றித்தோலை விரித்து, மேலே பாதி பீன்ஸ், அதன்மேல் கறிகள், வட்டமாய் நறுக்கிய சாசேஜ், மீதிப் பீன்ஸ் என்று அடுக்கிச் சாற்றை விளிம்புவரை ஊற்றுங்கள். உப்பு இப்போதுதான் பார்த்துப் போட வேண்டும். 150 டிகிரி ஓவனில் 3 மணி நேரம். அரை மணிக்கு ஒரு முறை ஏட்டை உடைத்து அமுக்கி, வற்றினால் சாறு விடுங்கள். கடைசி ஏட்டை உடைக்காமல் பழுக்க விட்டுவிடுங்கள்.

சாசேஜின் அளவைக் குறைத்ததைத் தவிர இதில் பாரம்பரியப் பொருள் எதுவும் விலக்கப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாத்து இருக்கிறது, பன்றி இருக்கிறது, தோல் இருக்கிறது, ஏடு உடைக்கும் வழக்கம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு வகுத்த விகிதத்தை விட்டும் இது பெரிதாக விலகாது. போனது பாதுகாப்புக்காகவும் பழக்கத்துக்காகவும் சட்டியில் தங்கியிருந்த கொழுப்பு மட்டும். செலவானது நேரம், ஓர் இரவின் பொறுமை. அவசரப்பட்டு இந்த நேரத்தைக் குறைத்தால் கொலாஜன் கரையாது, கொழுப்பு பிரியாது, பொருக்கு கட்டாது. பிறகு ருசிக்காக மறுபடி கொழுப்பைத்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.

எந்த நாட்டுக் கனமான உணவை இலேசாக்க விரும்பினாலும் இதே கேள்வியிலிருந்து தொடங்கலாம்: இந்தக் கொழுப்பு இங்கே என்ன வேலை செய்கிறது? அந்த வேலை இன்னும் தேவைதானா? தேவையென்றால் அதை வேறு எது செய்யும்? மூன்றுக்கும் பதில் தெரிந்தபின் கரண்டியை எடுத்தால், குறைக்கப்பட்ட உணவு என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே வராது.